சரீரமும் சந்நிதியும்

ஆடுகின்ற கடவுள் எதனை உடுத்திக்கொண்டு ஆடுகிறார் என்பதைத் தில்லையையும் ஆலங்காட்டையும் தரிசித்துத் திரும்புகிற நம்மில் பலர் நின்று சிந்திப்பதில்லை. அரையிலே புலித்தோல், தாருகாவனத்து முனிவர்கள் ஏவிவிட்ட யானையை உரித்து, உதிரம் உலராத அந்தத் தோலையே மேலே போர்த்துக்கொண்ட கோலத்தில், வழுவூர்த் திருக்கோயிலில் கஜசம்ஹார மூர்த்தியாக அவர் நிற்கிறார், அந்த வழுவூரே பரதநாட்டியத்தின் பாணிகளுள் ஒன்றுக்குப் பெயர் தந்த ஊராகவும் விளங்குகிறது. பட்டும் பீதாம்பரமும் தரித்த தெய்வங்கள் பல இருக்க, நடனத்துக்கு நாயகனாக நம் முன்னோர் கண்ட தெய்வம் மிருகத்தின் தோலை விரும்பி ஏற்றுக்கொண்டதை வெறும் புராண அலங்காரம் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. சரீரம் அசுத்தமானது, அதை உதறினால்தான் தெய்வ சாந்நித்தியம் கிட்டும் என்று ஒரு பெரும் மரபு நமக்குச் சொல்லிவந்திருக்கிறது. சரீரத்தைக் கொண்டே, சரீரத்தின் காதலையும் களைப்பையும் கொண்டே, தெய்வத்தை அடையலாம் என்று மற்றொரு மரபு ஆடிக் காட்டியிருக்கிறது. இவ்விரண்டில் எது மெய் என்ற விசாரம் சென்ற நூற்றாண்டில் நம் தமிழ்நாட்டிலேயே ஒரு நர்த்தகியின் வாழ்க்கையில் வைத்து நடந்தேறியது. அந்த நர்த்தகி தஞ்சாவூர் பாலசரஸ்வதி.

இந்த விசாரத்தை வாலாஜாபேட்டையிலிருந்து எழுதுவதற்கு ஒரு பொருத்தம் உண்டு. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இந்த ஊருக்கு இரண்டு பிதுரார்ஜிதங்கள் இருக்கின்றன. ஒன்று, தியாகராஜ சுவாமிகளின் நேர்ச் சீடராகிய வேங்கடரமண பாகவதர். அய்யம்பேட்டையில் இருந்த காலத்தில் குருவிடம் பயின்று, பின்னர் இங்கே குடியேறி, குருவின் கீர்த்தனங்களையும் வாழ்க்கைச் செய்திகளையும் ஏட்டில் எழுதிக் காப்பாற்றிய அந்த மகானும் அவருடைய குமாரர் கிருஷ்ணசாமி பாகவதரும் இல்லாவிட்டால் தியாகராஜரைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி அறியாமலே போயிருக்கும். வாலாஜாபேட்டைச் சுவடிகள் என்று பெயர் பெற்ற அந்த ஏடுகள் மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. மற்றொரு பிதுரார்ஜிதம் தோல். இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று தொடரும் இந்தச் சீமையில், உப்பிட்ட பச்சைத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிரும் சவ்வும் களைந்து, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்தி எடுத்த வழக்கம் குரோமிய உப்பு வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உண்டு. பாலாற்று நீருக்கு இத்தொழில் பிற்காலத்தில் விளைவித்த கேடு தனியே எழுதப்பட வேண்டிய துயரம். இங்கே நான் சொல்ல விரும்புவது ஒன்றே: நாம சங்கீர்த்தனமும் பச்சைத்தோலின் வாடையும் ஒரே ஊர்க் காற்றில் கலந்திருந்தும், ஒன்றைப் புனிதம் என்றும் மற்றொன்றைத் தீட்டு என்றும் பிரித்து வைத்துக்கொண்டே நாம் வாழ்ந்திருக்கிறோம்.

ஆனால் அந்தப் பிரிவினை நம் கண்ணெதிரிலேயே உடைந்துபோவதை எத்தனை பேர் கவனிக்கிறோம்? தோலால் ஆன செருப்பைக் கோயில் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகிறோம். உள்ளே வசந்த மண்டபத்தில் மிருதங்கம் முழங்குகிறது. பலாமரத்தைக் குடைந்து செய்த அந்த வாத்தியத்தின் வலந்தலையில் பசுவின் தோலும் ஆட்டின் தோலும், இடந்தலையாகிய தொப்பியில் எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் அமைகின்றன. இரண்டையும் இழுத்துப் பிடிக்கும் வார் எருமைத்தோல். நர்த்தகி காலில் கட்டிக்கொள்ளுமுன் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சலங்கையின் மணிகளும் தோல்பட்டையில் கோத்துத் தைக்கப்பட்டவையே. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கங்கள் செய்து கொடுத்த பர்லாந்து போன்ற அரிய கைவினைஞர்கள், தாங்கள் உயிர்கொடுத்த வாத்தியத்துக்குக் கிடைத்த மரியாதையில் ஒரு சிறு பங்கும் பெறாமலே மறைந்தார்கள் என்பதை டி. எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட நூல் விரிவாகக் காட்டியிருக்கிறது. தோலின் நாதம் தெய்விகம், தோல் அசுத்தம், தோலைத் தொட்டவர் அதனினும் அசுத்தம் என்று கருதிய சமுதாயம், நர்த்தகியின் சரீரத்தைக் குறித்தும் ஏறக்குறைய இதே கணக்கைத்தான் போட்டது. ஆட்டம் தெய்விகம், ஆடியவள் விலக்கு.

பாலசரஸ்வதி 1918-ஆம் ஆண்டு மே 13-ஆம் தேதி சென்னையில் பிறந்தார். வீணை தனம்மாள் அவருக்குப் பாட்டி. பாட்டிலே பெயர் பெற்ற ஜெயம்மாள் தாயார். மிருதங்க வித்வான் ரங்கநாதனும் புல்லாங்குழல் வித்வான் விஸ்வநாதனும் உடன்பிறந்தவர்கள். தஞ்சை நால்வரின் வழிவந்த நட்டுவனார் கந்தப்ப பிள்ளையிடம் சிறு வயதிலேயே கடுமையான சிட்சை பெற்று, ஏழாம் வயதில், 1925-இல், நமக்குக் கிழக்கே ஒரு பகல் பயணத்துக்கும் குறைந்த தூரத்திலுள்ள காஞ்சிபுரத்தில் அம்மன் சந்நிதியில் அவர் அரங்கேறினார். மயிலாப்பூர் கௌரி அம்மாள் அபிநயம் சொல்லிக் கொடுத்தார். வேதாந்தம் லக்ஷ்மிநாராயண சாஸ்திரி ஒரே அடியை எத்தனை பாவங்களில் விரிக்கலாம் என்ற மனோதர்மத்தின் வாயிலைத் திறந்துவிட்டார். இத்தனை செல்வத்தோடும் அந்தச் சிறுமி அரங்கில் கால்வைத்த காலமோ, தேவதாசி மரபில் வந்த அவருடைய குலத்தின் ஆட்டமே இருக்கலாமா கூடாதா என்று நாடு வாதாடிக்கொண்டிருந்த காலம்.

அந்த வாதத்தில் சீர்திருத்தக்காரரின் பக்கத்தைக் குறைத்துப் பேசுவது அநியாயமாகும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தாயார் பிறந்த குலத்தின் துயரத்தை அருகிருந்து அறிந்தவர். அறியாப் பருவத்துப் பெண்குழந்தைகளைப் பொட்டுக்கட்டி, பின் அவர்களைச் செல்வந்தரின் தயவில் வாழவிட்ட கொடுமையை ஒழிக்க அவர் சட்டசபையில் எழுப்பிய குரல் தர்மத்தின் குரல். அந்தக் குரலின் பயனாக 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது, பொட்டுக்கட்டுதல் ஒழிந்தது, அதற்காக எந்நாளும் நாம் நன்றியுடையவர்கள். ஆனால் அந்தச் சட்டம் அதோடு நில்லாமல், கோயில் வளாகத்திலும் சுவாமி புறப்பாட்டிலும் பெண்கள் ஆடுவதையும் விலக்கியது. ஒரு பெண்ணின் சரீரத்துக்கு நேர்ந்த அநீதியை நீக்கப் புகுந்தவர்கள், அந்தச் சரீரம் சந்நிதியில் செய்த ஆராதனையையும் சேர்த்து நீக்கினார்கள். குற்றம் செய்தவர் வேறு, அனுபவித்தவர் வேறு, ஆடிய கலை வேறு என்ற பாகுபாடு அங்கே நழுவிப் போயிற்று.

இதே காலத்தில் ருக்மிணி தேவி அருண்டேல் வேறொரு வழியைக் கண்டார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று, 1935-இல் அடையாறு தியாசபிகல் சங்கத்தில் ஆடி, மறு ஆண்டு கலாக்ஷேத்திரத்தை நிறுவிய அந்த அம்மையார், மேடையில் நடராஜ விக்கிரகத்தை எழுந்தருளச் செய்து, ஒளியமைப்பையும் உடையையும் ஒழுங்குபடுத்தி, குற்றாலக் குறவஞ்சியிலிருந்து இராமாயண நாட்டிய நாடகங்கள் வரை அமைத்து, குடும்பப் பெண்கள் கூசாமல் கற்கும் கல்வியாகப் பரதநாட்டியத்தை ஆக்கினார். சிருங்காரத்தில் லௌகிகமாக அவருக்குப் பட்ட பதங்களை விலக்கினார். பக்தியே அதன் உயிர் என்றார். அவருடைய நோக்கத்தின் தூய்மையில் எனக்கு ஐயம் இல்லை. ராஜ்ய சபையில் பிராணிகளுக்காக அவர் முயன்று போராடியதன் பயனாகவே 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. பிராணிகள் நல வாரியத்துக்கு முதல் தலைவராகவும் அவரே இருந்தார். வாயில்லா ஜீவனின் சரீரத்திடம் அத்தனை காருண்யம் கொண்ட உள்ளம், மனித சரீரத்தின் காதலுக்கு மட்டும் ஏன் சுத்திகரிப்புத் தேவை என்று எண்ணியது என்பதே என் மனத்தை விட்டு அகலாத கேள்வி.

பாலசரஸ்வதி இந்தச் சுத்திகரிப்பை ஏற்கவில்லை. 1975-ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழிசைச் சங்கத்தின் விழாவில் தலைமை வகித்து அவர் நிகழ்த்திய உரை, நம் காலத்தில் தமிழில் பிறந்த மிக உயர்ந்த சமய விசாரங்களில் ஒன்று என்று நான் கருதுகிறேன். நாட்டியக் கச்சேரியின் அமைப்பையே ஒரு பெருங்கோயிலாக அவர் அங்கே விவரித்தார். அலாரிப்பு கோபுரம், ஜதீஸ்வரம் அர்த்த மண்டபம், சப்தம் மகா மண்டபம், வர்ணத்தில் தெய்வத்தின் சந்நிதானத்தை எய்துகிறோம், ஆட்டத்தின் ஆரவாரம் அடங்கி இசையும் அபிநயமும் மட்டும் நிற்கிற பதங்களில் கர்ப்பக்கிருகத்தின் குளிர்ச்சியும் நெருக்கமும் வாய்க்கின்றன, தில்லானா மேளதாளத்தோடு காட்டும் கற்பூர ஆரத்தி, இறுதியில் பாடும் சுலோகம், வெளியே கண்ட தெய்வத்தை உள்ளே வைத்துக்கொண்டு வீடு திரும்புதல். இதில் ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. கர்ப்பக்கிருகம் என்று அவர் சுட்டியது, பரிசுத்தவாதிகள் விலக்க நினைத்த அதே பதங்களை; காத்திருக்கும் நாயகியும் ஊடும் நாயகியும் தன் நாயகனிடம் உரிமையோடு சினந்து பேசும் நாயகியும் உலவுகிற, க்ஷேத்ரக்ஞர் முதலியோர் செய்த சிருங்காரப் பதங்களை. மனிதன் தெய்வத்தோடு கலப்பதைக் காட்டச் சிருங்காரத்தைப்போல் வல்ல ரசம் வேறில்லை என்பதும், பரதநாட்டியத்தைப் புதிதாகத் தூய்மை செய்ய எதுவுமில்லை, அது இயல்பிலேயே தெய்விகமானது என்பதும் அவ்வுரையின் சாரம்.

அவர் சொன்னது வெறும் கொள்கையாக நின்றிருந்தால் அதற்கு இத்தனை வலிமை இராது. ஆடிக் காட்டினார். வயது ஏறி, உடல் பருத்து, இருதய நோயும் வாட்டிய காலத்திலும், தாமே பாடிக்கொண்டு ஒரு பதத்தின் ஒற்றை அடியை எடுத்து, அதே சொற்களை ஒரு முறை கெஞ்சலாகவும், மறுமுறை ஏளனமாகவும், பின் ஆற்றாமையாகவும், பின்னர் சொல்லுக்கு எட்டாத அமைதியாகவும் அவர் விரித்துக்கொண்டு போகையில், பார்த்தவர்கள் அழகான ஒரு மேனியைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைக்கவில்லை; தங்கள் உள்ளத்திலேயே ஒளித்து வைத்திருந்த ஏதோ ஒன்றை எதிரே கண்டார்கள். ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ என்ற கன்னடப் பாடலை அவர் அபிநயித்ததைச் சத்யஜித் ராய் 1976-இல் எடுத்த ‘பாலா’ என்ற படத்தில் கடற்கரைக் காற்றில் இன்றும் காணலாம். குழந்தையை அழைக்கும் தாய் அங்கே இருக்கிறாள். அழைக்கப்படுகிற குழந்தை பரம்பொருள் என்ற நினைவும் இருக்கிறது. ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடவில்லை. குழந்தையை ஏந்தத் துடிக்கிற தாயின் கையும் தோளும் சரீரம்தானே? அதைச் சுத்திகரித்து எடுத்துவிட்டால் அந்த அழைப்பில் மிஞ்சுவது என்ன?

சரீரத்தை உதறிய அடியாரும் நமக்கு உண்டே என்று கேட்கலாம். உண்மைதான். நமக்கு அண்மையிலுள்ள திருவாலங்காட்டில், இறைவனுடைய ஐந்து சபைகளுள் ரத்தின சபையில், ஆடும் பெருமானின் திருவடிக்கீழ் அமர்ந்திருக்கும் காரைக்கால் அம்மையார், கணவன் போற்றாத தம் எழிலையும் தசையையும் கழித்துவிடும்படி வேண்டி எலும்புருவான பேய்வடிவு பெற்றவர். அந்த வைராக்கியத்துக்கு முன் தலை வணங்குகிறேன். எனினும், அம்மையார் அந்த எலும்பு உருவோடு போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள்: ஆட்டம் நடக்கிற இடம். கேட்ட வரம் அந்த ஆட்டத்தைக் காணும் பேறு. அரூபமான ஜோதியில் கரைந்துவிட அவர் கேட்கவில்லை. ஆண்டாளோ தம் சரீரத்தை அரங்கனுக்கென்றே வைத்துக் காத்தவர். மானிடர்க்கு என்று பேச்சு எழுந்தால் வாழ்வே இல்லை என்றவர். இருவரும் பக்தியின் இரு கரைகள் என்று சொல்லி ஒதுக்குவது எளிது. எனக்கோ இருவரும் சரீரத்தைப் பொருட்படுத்தியவர்கள் என்றே தோன்றுகிறது. கொடுக்கத்தக்க பொருளாக மதித்ததனால்தான் ஒருவர் துறந்தார், ஒருவர் காத்தார். அசுத்தம் என்று கருதிய ஒன்றை யாரும் இறைவனுக்குப் படைப்பதில்லை. உடம்பை இழுக்கு என்றிருந்து, பின் அதற்குள்ளேயே உத்தமன் கோயில் கொண்டதைக் கண்டதாகத் திருமூலர் சொல்லிய மாற்றமும் இதுவே.

ஆலங்காட்டுத் தலபுராணத்தில் மற்றொரு செய்தியும் இருக்கிறது. அங்கே காளி இறைவனோடு போட்டியிட்டு ஆடினாள். ஒவ்வொரு கதிக்கும் சமமாகவே ஆடினாள். இறுதியில் பெருமான் ஒரு காலை வான்நோக்கித் தூக்கி ஊர்த்துவ தாண்டவம் ஆட, பெண்மைக்குரிய நாணத்தால் அவள் அதைச் செய்யாது நின்று தோற்றாள் என்பது வரலாறு. பக்தர்கள் இதைப் பெருமானின் மகிமையாகவே கேட்கிறார்கள். நானும் அவ்வாறே கேட்டு வளர்ந்தேன். ஆனால் அவளுடைய கலை தோற்றதாகப் புராணமே சொல்லவில்லை. நாணம் அவளை நிறுத்தியது என்றுதான் சொல்லுகிறது. தன் சரீரத்தைப்பற்றிய கூச்சம் ஒன்றே பெண்ணின் நடனத்துக்கு எல்லை என்று அந்தக் கதை உணர்த்துமாயின், 1930-களில் நம் சமுதாயம் நர்த்தகியரின் மேல் சுமத்தியதும் அதே கூச்சம்தான். பாலசரஸ்வதி அதைச் சுமக்க மறுத்தார்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த சோதனை அன்று. ஸ்பெயின் தேசத்தின் தெற்கே அண்டலூசியாவில் ஜிப்ஸி மக்களிடையே வளர்ந்த ஃபிளமெங்கோ என்ற ஆட்டமும் பாட்டும் இதே பாதையில் நடந்து வந்தவை. அந்த ஜிப்ஸிகளின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை மொழிநூல் வல்லார் நிறுவியிருக்கிறார்கள். 1922-இல் கிரனடா நகரத்தில், மானுவல் தெ ஃபாயா என்ற இசைமேதையும் லோர்கா என்ற இளங்கவியும் சேர்ந்து, மதுக்கடை மேடைகளில் சீரழிந்துவிட்டதாகத் தாங்கள் கருதிய அந்தப் பழம்பாட்டை மீட்க ஒரு போட்டி நடத்தினார்கள். தொழிலாகப் பாடிவந்தவர்களை அதிலிருந்து விலக்கினார்கள். சென்னையில் சில ஆண்டுகள் கழித்து நிகழவிருந்ததன் சாயலை இதில் காண்கிறோம்: கலையைக் காப்பதற்கென்று கலைக்குரியவரையே வெளியே நிறுத்துதல். ஆனால் லோர்கா அங்கேயே நின்றுவிடவில்லை. 1933-இல் புயனோஸ் ஐரிஸில் ஆற்றிய உரையில், உயர்ந்த ஆட்டத்தில் வந்து புகும் ஓர் இருண்ட சக்தி வானிலிருந்து இறங்குவதன்று, ஆடுகிறவரின் உள்ளங்காலிலிருந்து மேலேறுவது என்று அவர் உணர்ந்து பேசினார். கார்மென் அமாயா போன்ற ஜிப்ஸி நர்த்தகியரின் ஆணி அறைந்த காலணி பலகையை அதிரச்செய்தபோது கேட்டவர்கள் உணர்ந்தது அதைத்தான். அங்கே தோற்காலணி, இங்கே தோல்பட்டையில் கோத்த சலங்கை, இரண்டிலும் தெய்வம் பாதத்தின் வழியாகவே நுழைகிறது.

உலகம் பாலசரஸ்வதியை அறிந்துகொண்டது. 1934-இல் கல்கத்தா, 1961-இல் டோக்கியோ, 1962-இல் அமெரிக்கா, 1963-இல் எடின்பரோ என்று அவர் ஆட்டம் சென்ற இடமெல்லாம் மதிக்கப்பட்டது; 1957-இல் பத்மபூஷணும் 1977-இல் பத்மவிபூஷணும் வந்தன. ஆயினும், அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடும் நிகழ்ச்சி ஒன்று இவற்றினும் என்னை ஈர்க்கிறது. கோயிலில் ஆடுவதற்கு இடமில்லாது போன காலத்தில், திருத்தணி முருகனுக்கு முன் ஆடவேண்டும் என்ற தாகம் அவருக்கு இருந்தது. கோயிலாரை இணங்கவைத்து, சபையும் வாத்தியமும் இன்றித் தன்னந்தனியே அச்சந்நிதியில் ஆடிவிட்டு வந்தார் என்கிறார்கள். சட்டம் அதைக் குற்றம் என்று சொல்லியிருக்கக்கூடும். அந்தச் சந்நிதியில் அவர் சமர்ப்பித்ததற்குப் பூஜை என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஆகையால் என் தீர்ப்பை மறைக்காமல் சொல்கிறேன். சிருங்காரத்தைக் கழுவினால் பக்தி மிஞ்சும் என்பது பிழை. சரீரத்தின் அன்பே, தன்னை முழுவதும் கொடுக்கும்போது, பக்தி ஆகிறது. தோலை மறைத்தால் நாதம் தூய்மையாகும் என்பதும் அதே பிழையின் மறுபக்கம். இறந்த பிராணிக்கும் பதனிட்ட கைக்கும் கடன்பட்டிருக்கிறோம் என்று அறிந்து வாசிக்கிற மிருதங்கமே யோக்கியமான மிருதங்கம். சரீரத்தின் ஆட்டமும் நாதமும் வேறல்ல என்பதற்குச் சான்றுபோல, 1973-இல் சென்னை சங்கீத வித்வத் சபை பாலசரஸ்வதிக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. நர்த்தகி ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அந்த ஒரு முறைதான்.

வேலூரிலும் இராணிப்பேட்டையிலும் வாலாஜாபேட்டையிலும் இன்று எத்தனையோ பெற்றோர் தம் பெண்குழந்தைகளுக்குச் சலங்கை பூஜை நடத்துகிறார்கள். அவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. வயது வந்தபின் அந்தக் குழந்தைகளுக்குப் பழைய பதங்களை விலக்காமல் கற்பிக்கச் சொல்லுங்கள். பூஜை நாளன்று, குருவுக்கும் பக்கவாத்தியக்காரருக்கும் தாம்பூலம் வைக்கிற அதே தட்டில், அந்தச் சலங்கையின் தோலைத் தைத்தவருக்கும் மிருதங்கத்துக்குத் தோல் மூட்டியவருக்கும் தாம்பூலம் வைத்து, அவர்களை மேடைக்கு அழைத்து, முதல் வரிசையில் அமரச் செய்யுங்கள்.